நூலறு படலம்

திருப்பூரில் எந்த டீக்கடையிலாவது நின்றுகொண்டு, "கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மிஷின்ல நூல் ஏனுங்க கட் ஆகுது?" என்று பொதுவாகக் கேட்டுப் பாருங்கள். டீ ஆறுவதற்குள் நான்கு பதில்கள் வந்து விழும். நான்கும் ஒன்றையொன்று மறுக்கும். நான்கும் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லப்படும். ஒரு சாத்திரம் முதிர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் கட்சிகள் பெருகிய அளவுக்கு உரை பெருகவில்லை. அறுந்தது ஏன், அறுந்தபின் டிசைனை எங்கிருந்து ஓட்டுவது என்ற இரண்டையும் முறைப்படி ஆராய்ந்து எவரும் வழக்கைத் தீர்த்துவைக்கவில்லை. இக்கட்டுரையும் தீர்த்துவைக்கப் போவதில்லை. முறைப்படி ஆராயும், அவ்வளவே.

முதலில் ஆய்வுப்பொருளின் இலக்கணம். பனியனின் இடது மார்பில் கம்பெனி லோகோவாகவும் கல்யாண பிளவுஸின் முதுகில் மயிலாகவும் நாம் காண்பவை, 12, 15, 20 என்று ஹெட்டுகள் வரிசையாக நிற்கும் நீண்ட மிஷினில் பிறப்பவை. ஒவ்வொரு ஹெட்டிலும் 9 அல்லது 12 ஊசி. ஊசிக்கு ஒரு கலர். ஊசிக்கு மேலே போவதும் கீழே வருவதும் தவிர வேறு வேலை கிடையாது. துணி மாட்டிய ஃபிரேம்தான் நாலா பக்கமும் அலையும். ஃபிரேம்கள் அத்தனையும் ஒரே சட்டத்தில் பூட்டப்பட்டவை. ஹெட்டுகள் அத்தனையையும் ஓட்டுவது ஒரே மெயின் ஷாஃப்ட். ஆகவே ஏழாவது ஹெட்டில் நூல் போனால் மற்ற பத்தொன்பதும் சும்மா நிற்க வேண்டியதுதான். கூட்டுக் குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் குலதெய்வப் பயணமே நின்றுபோகிற மாதிரி.

இதன் பொருளாதாரத்தையும் பார்த்துவிடலாம். நிமிடத்துக்கு 850 ஸ்டிச் வேகத்தில் 10,000 ஸ்டிச் லோகோ ஏறக்குறைய 12 நிமிடத்தில் முடிய வேண்டும். 20 ஹெட்டுக்கு அது 2 லட்சம் ஸ்டிச். லட்சம் ஸ்டிச்சுக்கு ஒரு தடவைதான் நூலை அறுக்கும் தங்கமான ஹெட்டுகள் இருபதும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சுற்றுக்கு இரண்டு தடவை மிஷின் நிற்கும். கூலியோ ஆயிரம் ஸ்டிச்சுக்கு இத்தனை என்று பேசப்படுகிறது. ஓடிய ஸ்டிச்சுக்குக் கூலி உண்டு, நின்ற நிமிடத்துக்குக் கிடையாது. ஓனர்கள் ஆபீஸ் அறையில் உட்கார்ந்தபடியே மிஷின் சத்தம் நிற்பதைக் கேட்டு எழுந்து வருவதன் காரணம் இதுதான். ஓடும் சத்தம் அவர்கள் காதில் விழுவதே இல்லை.

இனி கட்சிகள். ஆபரேட்டரைக் கேட்டால் நூல் சரியில்லை. ஓனரைக் கேட்டால் ஆபரேட்டர் சரியில்லை. மெக்கானிக்கைக் கேட்டால் பஞ்சிங், அதாவது டிசைனை ஸ்டிச்சாக மாற்றிய விதம், சரியில்லை. டிசைன் பஞ்சிங் செய்தவரைக் கேட்டால், "நம்ம டிசைன் பத்து யூனிட்ல ஓடுதுங்க, உங்க மிஷினைத்தான் பாக்கணும்." நூல் கடைக்காரர் ஐந்தாவது கட்சி. அவர் ஊசியைச் சொல்வார்; ஊசியும் அவர் கடையில்தான் கிடைக்கும். இவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதே ஆய்வாளனுக்கு வாய்த்த சங்கடம். வாரத்தில் ஒரு நாளாவது ஒவ்வொருவர் சொல்வதும் உண்மையாகிவிடுகிறது. மற்ற ஆறு நாளும் அந்த ஒரு நாளை வைத்தே வாதிடுகிறார்கள். இதிலிருந்து பெறப்படும் நூலறு முதல் விதி: காரணம் எங்கே இருந்தாலும், அதைச் சொல்கிறவர் கைக்கு எட்டாத தூரத்தில்தான் இருக்கும்.

வாதமுறைக்கு ஒரு சான்று.

"ஏம்ப்பா, ஏழாவது ஹெட்டு காலைல இருந்து நின்னு நின்னு ஓடுது?"

"நூலுங்ணா. கோன் பூராம் முடிச்சு."

"அதே கோனுதான ஆறாவதுலயும் ஓடுது?"

"அது வேற பொட்டிங்ணா."

கடைசி விடையின் நுட்பத்தை அவசரக்காரர்கள் கவனிக்க மாட்டார்கள். ஒரே கம்பெனி, ஒரே கலர் நம்பர், ஒரே கடை, ஒரே பில். ஆனாலும் பொட்டி வேறு. பொட்டி வேறென்றால் சாய லாட் வேறாகலாம். லாட் வேறென்றால் குணம் வேறாகலாம். மறுக்க வேண்டுமானால் பொட்டியைத் தேட வேண்டும். பொட்டியோ நேற்றே பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது. எதிர்வாதி எழவே முடியாதபடி சான்றை உலகத்தைவிட்டே அனுப்பிவைக்கும் இந்த உத்திக்குத் தருக்க நூல்களில் இடம் ஒதுக்க வேண்டும்.

காண்டல், கருதல், உரை என்று சைவ சித்தாந்திகள் அளவை மூன்று கொள்வர். மேலே கண்டதெல்லாம் உரை. உரையை மட்டும் நம்பினால் மிஷின் ஓடாது. காண்டலுக்கு வருவோம்.

அறுந்த நூலின் நுனியை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஆபரேட்டர் அதை எச்சில் தொட்டு ஊசிக்காதில் கோப்பதற்கு முன்பு பார்க்க வேண்டும். தொட்டபின் தடயம் அழிந்தது. நுனி பிரிந்து, இழை இழையாகக் குஞ்சம் கட்டியிருந்தால், நூல் தேய்ந்து தேய்ந்து செத்திருக்கிறது. ஊசி மழுங்கியிருக்கும், அல்லது ஊசிக்காதில் பிசிறு இருக்கும், அல்லது அந்த நூலுக்கு அந்த ஊசி சின்னது. பாலியெஸ்டர் நுனி சுருண்டிருந்தால் அது இழுபட்டுச் செத்தது. டென்ஷன் கூடியிருக்கும், இல்லாவிட்டால் கோனுக்கு அடியில் வழுக்கி விழுந்த நூல் ஸ்டாண்டுக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருக்கும். நுனி கத்தரித்த மாதிரிச் சுத்தமாக இருந்தால், கீழே நூலைப் பிடிக்கும் ஹூக்கிலோ ஊசித்தட்டின் துளையிலோ ஒரு கூர் விளிம்பு காத்திருக்கிறது என்று பொருள். விரல் நகத்தை ஹூக்கின் முனை மீது மெல்ல ஓட்டினால் அந்த விளிம்பு நகத்தில் தட்டும். கண்ணுக்குத் தெரியாதது நகத்துக்குத் தெரியும். மெக்கானிக்குகள் கட்டை விரல் நகத்தை மட்டும் நீளமாக வளர்ப்பது ஏன் என்று வியந்தவர்கள் இங்கே விடை காண்க.

வெறுமனே துணியைத் தைக்கிற ஊசிக்காதில் நூல் எப்படித் தேய்கிறது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஆயிரம் ஸ்டிச்சுக்குச் சுமார் 5 மீட்டர் மேல்நூல் செலவாகும். அதாவது ஒரு ஸ்டிச்சுக்கு 5 மி.மீ. ஆனால் ஒவ்வொரு ஸ்டிச்சுக்கும் கீழே ஹூக் நூலைப் பிடித்து அடிநூல் இருக்கும் பாபின் கேஸை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். அதற்குப் பல சென்டிமீட்டர் நூல் இறங்கியாக வேண்டும். இறங்கியதில் 5 மி.மீ. போக மிச்சத்தை மேலே உள்ள டேக்-அப் லீவர் திரும்ப இழுத்துக்கொள்கிறது. ஆக நாம் சட்டையில் காணும் ஒவ்வொரு துளி நூலும் துணியில் படுப்பதற்கு முன் அதே ஊசிக்காதின் வழியே பல தடவை கீழே போய் மேலே வந்திருக்கிறது. அரசாங்க ஆபீசில் ஜாதிச் சான்றிதழுக்கு அலைந்தவர்கள் இந்த நூலின் நிலையை உணர்வார்கள்.

இதற்கு நடுவே ஹூக், ஊசி ஒரு தடவை இறங்கி ஏறுவதற்குள் இரண்டு சுற்றுச் சுற்றுகிறது. 850 ஸ்டிச் வேகத்தில் நிமிடத்துக்கு 1,700 சுற்று. ஊசி அடிமட்டத்திலிருந்து 2 மி.மீ. போல ஏறும்போது அதன் முதுகில் ஒரு சின்ன வளையமாக நூல் தொங்கும். அந்தக் கணத்தில் ஹூக்கின் முனை வந்து அதைக் கொத்திக்கொள்ள வேண்டும். ஹூக்குக்கும் ஊசிக்கும் நடுவே உள்ள சந்து ஏறக்குறைய ஒரு தாள் கனம். இத்தனையும் நிமிடத்துக்கு 850 தடவை சரியாக நடப்பதைப் பார்த்தபின் நூல் ஏன் அறுகிறது என்ற கேள்வியே சற்று நன்றி கெட்டதாகத் தோன்றும். ஆனால் ஓனர் கேட்கிறாரே.

கருதல் அளவை இதைவிட எளிது. எளிது என்பதாலேயே யாரும் கையாள்வதில்லை. இருபது ஹெட்டும் ஒரே எழுத்தில் வந்து அறுத்தால் குற்றம் டிசைனில். ஒரு ஹெட் மட்டும் எல்லா இடத்திலும் அறுத்தால் குற்றம் ஹெட்டில். ஒரு கலர் மட்டும் போகிற இடமெல்லாம் அறுந்தால் குற்றம் நூலில். சந்தேகம் தீராவிட்டால் ஏழாவது ஹெட்டின் கோனை ஆறாவதுக்கும் ஆறாவதன் கோனை ஏழாவதுக்கும் மாற்றிப்போட்டு ஓட்டிப் பார்க்கலாம். குற்றம் கோனோடு குடிபெயர்ந்தால் நூல். இருந்த இடத்திலேயே இருந்தால் ஹெட். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்துவிட்டால் கட்சிகளில் ஒன்று நிரந்தரமாகத் தோற்றுவிடும் என்பதால் எல்லாக் கட்சியும் இதில் மட்டும் ஒற்றுமையாக இருந்து செய்யாமல் விடுகின்றன.

டிசைன் குற்றம் தனி அத்தியாயத்துக்கு உரியது, இங்கே சுருக்கமாக. டிசைன் பெரும்பாலும் டிஎஸ்டி கோப்பாக வரும். அதில் அசைவின் அலகு 0.1 மி.மீ.; ஒரே அசைவில் ஃபிரேம் ஒரு திசையில் 12.1 மி.மீ.க்கு மேல் நகர முடியாது. நீளத்துக்கு இப்படி உச்சவரம்பு வைத்தவர்கள் குறைவுக்கு வரம்பு வைக்கவில்லை. எல்லா வினையும் அதிலிருந்து வருகிறது. கஸ்டமர் விசிட்டிங் கார்டில் இருக்கும் லோகோவை நீட்டி, "இதே மாதிரி, ஒரு எழுத்துகூட விடாம" என்பார். கார்டில் அடியில் பொடி எழுத்தில் ஊர்ப் பெயரும் தொடங்கிய வருஷமும் இருக்கும். அதைச் சுருக்கிப் பஞ்சிங் செய்தால் அரை மி.மீ. ஸ்டிச்சுகள் விழும். 75 நம்பர் ஊசியின் தண்டு 0.75 மி.மீ. கனம். முக்கால் மி.மீ. ஊசியை அரை மி.மீ. தள்ளித் தள்ளிக் குத்தச் சொன்னால் அது போட்ட ஸ்டிச்சையே மறுபடி குத்தும். நூலை நூலே அறுக்கும். அரை சென்டிமீட்டருக்குக் குறைந்த எழுத்துகளை அனுபவசாலிகள் கண்டாலே கும்பிட்டுத் திருப்பி அனுப்புவது இதனால்தான். ஆர்டர் கம்மியாக இருக்கும் மாதங்களில் அவர்களும் வாங்கிக்கொள்வார்கள்.

இப்போது மிக நுட்பமான பகுதி. நூல் அறுந்ததை மிஷின் எப்படி அறிகிறது? ஒவ்வொரு நூலும் போகிற வழியில் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு போகும். நூல் ஓடினால் சக்கரம் சுழலும். சில ஸ்டிச்சுக்குச் சக்கரம் சுழலாவிட்டால் கண்ட்ரோலர் நூல் கட் என்று முடிவு செய்து மிஷினை நிறுத்தி, அந்த ஹெட்டில் சிவப்பு லைட்டைப் போடும். அதாவது மிஷின் நூலைப் பார்ப்பதே இல்லை; சக்கரத்தின் சுழற்சியிலிருந்து நூலை அனுமானிக்கிறது. நூல் முழுதாக இருந்தும் பஞ்சுத்தூசி அடைத்துச் சக்கரம் சிக்கினால், அறாததை அறுந்தது என்று சொல்லும். கயிற்றைப் பாம்பெனக் காண்பதாக வேதாந்திகள் சொல்லும் மயக்கமே இது. இதன் மறுதலையோ இன்னும் கொடியது: நூல் உண்மையிலேயே அறுந்திருக்கும், ஆனால் சென்சாரின் உணர்வைக் குறைத்து வைத்திருப்பார்கள்; ஊசி வெறும் துளை போட்டுக்கொண்டே போகும், சிவப்பு லைட் வராது. ஏன் குறைத்து வைத்தார்கள்? பொய்யாக நின்று நின்று தொல்லை கொடுத்ததால். இவ்வாறு பாம்புக்குப் பயந்தவர்கள் கயிறுகளை ஒழித்து, பின்பு உண்மைப் பாம்பை மிதிக்கிறார்கள்.

சில கூடங்களில் சென்சாரை அணைத்தே விட்டு, ஹெல்பர் பையனை நிறுத்தி இருபது ஹெட்டையும் கண்ணால் பார்க்கச் சொல்கிறார்கள். இது பிற்போக்கு என்று நினைக்க வேண்டாம், மரபு. பிரான்சின் முல்ஹவுஸில் யோசுவே ஹைல்மன் 1828-29 வாக்கில் செய்த முதல் கை எம்ப்ராய்டரி மிஷினில் ஊசிகள் பல இருந்தன. இரண்டு பக்கமும் கூரான, நடுவில் காது உள்ள ஊசிகள். ஒவ்வொன்றிலும் அளந்து வெட்டிய நூல். தீரத் தீரக் கோக்க ஆள் வேண்டும். கிழக்கு சுவிட்சர்லாந்தில் அந்த மிஷின்கள் வீடுவீடாகப் பரவியபோது கோக்கும் வேலை பெண்களிடமும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளிடமும் வந்து சேர்ந்தது. 1863-ல் ஐசக் கிரோப்ளி படகு வடிவச் சின்ன நாடாவையும் ஓயாமல் ஓடும் நூலையும் கொண்ட ஷிஃப்லி மிஷினைச் செய்தார். நூல் நீண்டது; நீண்டதால் அறுவதும் தொடர்ந்தது. மிஷின் விட்ட இடத்தைத் துணியில் தேடித் தைத்து மூடுவதற்கென்றே செயின்ட் காலன் பக்கத்தில் பெண்கள் தனித் தொழிலாக இருந்தார்கள். ஆக நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாக மிஷின் தைப்பதும், அது விட்டதை யாரோ ஒரு பெண் தைப்பதுமாகவே இந்தத் துறை வளர்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர் வந்து அந்தப் பெண்ணை ஹெல்பர் என்று அழைத்ததுதான் புதுமை.

டென்ஷன் திருகாணி பற்றிச் சொல்லாமல் இந்த ஆய்வு நிறைவு பெறாது. நூல் போகும் வழி சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து ஊசியை மாற்ற வேண்டும். அடுத்து பாபின் கேஸைக் கழற்றி ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். எல்லாம் முடிந்து கடைசியில்தான் திருகாணியைத் தொட வேண்டும். இந்த வரிசையைத் தெரியாத ஆபரேட்டர் இல்லை. கடைப்பிடிக்கும் ஆபரேட்டரும் இல்லை. எல்லோர் கையும் முதலில் திருகாணிக்கே போகிறது. ஊசி மாற்ற ஸ்க்ரூடிரைவர் தேட வேண்டும். பாபினைப் பார்க்கக் குனிய வேண்டும். திருகாணியோ நின்ற நிலையில் கண்ணுக்கு நேரே, விரலுக்கு வாகாக, வரிவரியாக வெட்டிய தலையோடு இருக்கிறது. அதைத் திருகாமல் இருப்பது மனித சுபாவத்துக்கு ஏலாது. பகல் ஷிஃப்ட்காரர் அரைச் சுற்று லூஸ் செய்வார். ராத்திரி ஷிஃப்ட்காரர் வந்து, "யாரு இதைக் கை வெச்சது" என்று முக்கால் சுற்று டைட் செய்வார். பத்து நாளில் அந்தத் திருகாணி எந்த ஷிஃப்ட்டின் சொல்லையும் கேட்காத நிலையை அடையும்.

உண்மையில் இதற்கு அளவு உண்டு. பாபின் நூலின் இழுவை 20 கிராம் வாக்கில் இருக்கும்; மேல்நூல் 100 கிராமுக்கு மேல். கேஜ் இல்லாதவர்கள் பாபின் நூலைப் பிடித்து கேஸைத் தொங்கவிட்டுக் கையை ஒரு வெட்டு வெட்டுவார்கள். கொஞ்சம் இறங்கி நின்றால் சரி. அசையாவிட்டால் டைட், விறுவிறுவென்று தரைக்குப் போனால் லூஸ். பிறகு சாட்டின் தையலைத் திருப்பிப் பார்க்க வேண்டும்: பின்பக்கம் மூன்றில் ஒரு பங்கு வெள்ளை பாபின் நூல் நடுவாந்திரமாக ஓடினால் மேலும் கீழும் சமாதானமாக இருக்கின்றன. ஜரிகை நூலுக்கு மட்டும் இந்தச் சமாதானமெல்லாம் செல்லாது. டென்ஷனைத் தளர்த்தி, வேகத்தையும் குறைத்து, கல்யாண மாசத்துக்கு முன்பே பிளவுஸ் ஆர்டர் வாங்கியவர் பொறுமையாக ஓட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

மறுதொடக்கத்துக்கு வருவோம். நிற்கிற இடம் அறுந்த இடமல்ல. சக்கரம் நின்றதைக் கண்ட்ரோலர் நம்புவதற்குள் சில ஸ்டிச் வெறுமனே விழுந்திருக்கும். அதனால் மிஷினே சில ஸ்டிச் பின்வாங்கி நிற்கும். ஆபரேட்டர் நூலைக் கோத்து, ஓட்டவும் நிறுத்தவும் உள்ள பாரை இடப்பக்கம் இழுத்து இன்னும் கொஞ்சம் பின்னே கொண்டுபோய், பிறகு முன்னே விடுவார். அறுந்த ஹெட் மட்டும் விட்டதைத் தைத்துக்கொண்டே வரும். நின்ற இடம் வந்ததும் மற்ற ஹெட்டுகளும் சேர்ந்துகொள்ளும். கேள்வி, எத்தனை ஸ்டிச் பின்னே போவது? ஐந்து போதும் என்பது ஒரு கட்சி. அவர்கள் கை பட்ட இடத்தில் சன்னமாக ஒரு இடைவெளி தெரியும். இருபது போனால்தான் நிம்மதி என்பது இன்னொரு கட்சி. அவர்கள் கை பட்ட இடத்தில் தடிப்புத் தட்டும். இரண்டு கட்சியும் ஒரே தவற்றைச் செய்கின்றன. சாட்டினில் போய்வரும் இரண்டு ஸ்டிச்சுக்கு 0.4 மி.மீ. என்றால் இருபது ஸ்டிச் என்பது 4 மி.மீ. தூரம்தான்; ஆனால் அது ஒரு பொடி எழுத்தில் ஏறக்குறைய முழு எழுத்து. 4 மி.மீ. நீள ஸ்டிச் போட்டு நிரப்பும் ஃபில் தையலில் அதே இருபது 8 செ.மீ. ஓடிவிடும். எண்ணிக்கையை வைத்துக்கொண்டு நடந்த சண்டைகள் யாவும் இதனால் செல்லாதவை ஆகின்றன. தீர்ப்பு எங்காவது இருக்கிறது என்றால் அது செக்கிங் டேபிளில். அங்கே உட்கார்ந்திருக்கும் அக்கா ஸ்டிச் எண்ண மாட்டார். பீஸைத் திருப்பி, கட்டை விரலால் ஒரு தடவு. பிறகு குறையைக் காட்டும் அம்புக்குறி ஸ்டிக்கரை எடுத்து ஒட்டுவார், அல்லது ஒட்ட மாட்டார். மேல்முறையீடு கிடையாது.

கரண்ட் போனால் வேறு விதி. 2012 வாக்கில் தமிழ்நாடே மின்வெட்டில் கிடந்தபோது எம்ப்ராய்டரிக் கூடங்களில் உருவான ஒழுக்கம் இது. கண்ட்ரோலர் எத்தனையாவது ஸ்டிச்சில் நின்றோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் கரண்ட் இல்லாத ஃபிரேமுக்குப் பிடிமானம் இல்லை. யாராவது சாய்ந்தால் நகர்ந்துவிடும், நகர்ந்தது கண்ட்ரோலருக்குத் தெரியாது. திரும்ப ஓட்டினால் குதிரையின் வால் குதிரைக்கு வெளியே விழும். ஆகவே ஃபிரேமை யாரும் தொடக் கூடாது. ஸ்டிச் நம்பரையும் ஃபிரேம் நின்ற இடத்தின் எக்ஸ், ஒய் அளவுகளையும் சாக்பீஸால் டேபிள் ஓரத்தில் எழுதிவைக்க வேண்டும்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் குதிரை டிசைன் ஓடும்போது கரண்ட் போன ஒரு கூடத்தில் இப்படியே முறை தவறாமல் எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை ஹெல்பர் பையன் பக்தி மேலிட்டு மிஷினை ஈரத்துணியால் துடைத்து, டேபிள் நெடுகச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்து, ஃபிரேம் மீது சரம் கட்டுவதற்காக அதைத் தன் பக்கம் ஒரு சாண் இழுத்தும் வைத்துவிட்டான். லீவு முடிந்து வந்தவர்களில் ஆபரேட்டர் சந்தனத்தைச் சுரண்டி 6,412 என்று வாசித்தார். ராத்திரி ஷிஃப்ட்காரர் 6,472 என்றார். கண்ட்ரோலர் தானே ஒரு நம்பரைக் காட்டியது; அதை இருவரும் நம்பவில்லை. மூன்று பாட பேதங்களையும் ஓனர் பொறுமையாகக் கேட்டார். ஃபிரேமைக் கழற்றச் சொன்னார். அந்த வருஷத் தீபாவளிக்கு யூனிட்டில் ஆளுக்கு ஒரு பனியன் கிடைத்தது. இருபதிலும் குதிரைக்குப் பின்னங்கால் இல்லை.